பத்தொன்பது தரம் செத்த மதில்

மொன்றியலில் மதிலைப் போல அதிக தரம் செத்த தமிழன் இல்லை. பத்தொன்பது தரம். சண்டையில் ஏழு, ஆஸ்பத்திரியில் மூன்று, ஆற்றில் ஒன்று, மிச்சம் தெருவோரம். எல்லாம் சினிமாவில்.

சொந்தப் பெயர் என்னவோ இருந்தது. வேலை அட்டையில் மட்டும் இருந்தது. வில்லரேயில் ஹொட்டல் படுக்கைத் துணி கழுவும் லோன்ட்ரியில் எனக்கும் அவனுக்கும் வேலை. ஆள் ஆறடி இரண்டு அங்குலம். அகலம் கதவுகளுக்குத் தெரியும்.

லோன்ட்ரிக்கு ஒரு பந்துக் குழு இருந்தது. எங்கள் உதைபந்து இல்லை. ஹெல்மெட் போட்டு, தோளில் பலகை போல ஒன்றைக் கட்டி, முட்டை வடிவப் பந்துக்காக ஆளை ஆள் இடிக்கும் அமெரிக்க விளையாட்டு. சூப்பர்வைசர் இவனை அஹுன்ட்சிக் பக்கம் ஒரு பூங்காவுக்குக் கூட்டிப்போய், கோட்டில் நிறுத்தி, உன்னைத் தாண்டி ஒருத்தனும் போகக்கூடாது என்றான். பயிற்சி அவ்வளவுதான். இவன் நின்றான். ஒருத்தனும் போகவில்லை. ஒரு பருவம் முழுக்க விளையாடியும் பந்தைத் தொடவில்லை. பந்து என்ன நிறம் என்று கேட்டால் யோசிப்பான். மதில் என்ற பெயர் அதில் வந்தது.

"அண்ணை, இந்த விளையாட்டு விளையாடின முதல் தமிழன் நான்தான்."

"இரண்டாவது ஆர்?"

"இன்னும் வரேல்லை."

இரண்டாயிரம் பிறந்த புதிது. ஊரெல்லாம் அமெரிக்கப் படப்பிடிப்பு. பழைய மொன்றியலைப் பாரிஸ் என்று காட்டுவார்கள். படத்துக்கு ஆள் பிடிப்பவன் ஒருவன் விளையாட்டுப் பார்க்க வந்தான். விழத் தெரியுமா என்று இவனைக் கேட்டான். விழுத்தத் தெரியும் என்றான் இவன். அடுத்த கிழமை முதல் சாவு.

பிறகு ஆளைப் பிடிக்க முடியவில்லை. தேத்தண்ணி நேரத்தில் துணிக் குவியலில் ஏறிப் படுத்துச் சாகப் பழகுவான். ஹெயிட்டிக்காரி ஒருத்தி உண்மை என்று நினைத்து இவன் முகத்தைத் துணியால் மூடி, முழங்காலில் நின்று செபமே சொல்லிவிட்டாள்.

"மூச்சு விட்டது தெரிஞ்சுதோ அண்ணை?"

"குறட்டை தெரிஞ்சுது."

பத்தொன்பது படத்திலும் முகம் வரவில்லை. கால் வந்தது. ஒரு தரம் முதுகு வந்தது. அவன் மனைவி சாந்திக்கு அது போதவில்லை.

"செத்தும் ஒரு முகம் காட்டத் தெரியாதே உங்களுக்கு?"

அந்த நேரம் லோன்ட்ரியில் நிரந்தர வேலைக்குக் கடிதம் கொடுத்தார்கள். கையெழுத்து வைத்தால் சனிக்கிழமையும் வேலை, லீவு கிடையாது. படப்பிடிப்பு எல்லாம் சனிக்கிழமை. கடிதம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. சாந்தி ஒரு முடிவு சொன்னாள். அடுத்த படத்தில் முகம் தெரிந்தால் நடிக்கலாம். தெரியாவிட்டால் கையெழுத்து.

அடுத்த படத்தில் உயிரோடு நிற்கிற வேஷம். ஹொட்டல் வாசல் காவலாளி. கதாநாயகன் ஓடி வந்து இடிக்க, இவன் மல்லாந்து விழவேண்டும். கமரா முகத்துக்குக் கிட்ட வரும். கூட்டத்துக்கு ஆள் போதாதென்று என்னையும் கூட்டிப்போனான். சாப்பாடு உண்டு என்றான். போனேன்.

கதாநாயகன் ஓடி வந்தான். மதில் நின்றான். கதாநாயகன் விழுந்தான். முதுகுக்கு ஐஸ் வைத்தார்கள்.

இரண்டாம் தரம் மதில் விழுந்தான். நன்றாகவே விழுந்தான். கமரா கிட்ட வந்தது. எங்கள் கலியாண வீட்டில் வீடியோக்காரன் லைட் அடித்தால் நாங்கள் என்ன செய்வோம்? சோற்றுக் கையை நிறுத்தி, நிமிர்ந்து, லைட் போகும்வரை சிரிப்போம். மயங்கிக் கிடக்க வேண்டிய மதில் கழுத்துப் பட்டியைச் சரி பண்ணி, கமராவைப் பார்த்துச் சிரித்தான். நாலு தரம் எடுத்தார்கள். நாலு தரமும் சிரித்தான். ஐந்தாம் தரம் குப்புற விழச் சொன்னார்கள்.

"அந்த நாலிலை ஒண்டைப் போடுவாங்கள் அண்ணை."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சோறு நன்றாக இருந்தது.

படம் வர ஒரு வருஷம் பிடித்தது. லோன்ட்ரியும் கடிதத்துக்கு அதுவரை பொறுத்தது. சாந்திக்கு அன்றைக்கு வேலை. என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணை, நீங்கள் போய்ப் பாத்து வந்து சொல்லுங்கோ. இந்தாளை நம்பேலாது. உங்களுக்குப் பொய் சொல்ல வாய் வராது."

போனோம். ஒரு தோள் வந்தது. ஒரு சப்பாத்து வந்தது. தும்மினால் தவறிவிடும். மற்றவர்கள் எழும்பிப் போன பிறகும் மதில் கதிரையில் இருந்தான். பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்து திரை வெள்ளையானது.

திரும்பி வரும்போது மெட்ரோவில் ஐந்து ஸ்டேஷன் தாண்டிக் கேட்டான்.

"சப்பாத்து வடிவாத் தெரிஞ்சுது, என்ன அண்ணை?"

"ஓம். இடது கால்."

பிறகு தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவு பெரிய உடம்பு குனிந்தால் பார்க்க நல்லாயில்லை.

வீட்டில் சாந்தி வேலை உடுப்பு மாற்றாமல் நின்றாள். மேசையில் கடிதம். அதற்கு மேல் பேனை. அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"முகம் தெரிஞ்சுதே அண்ணை?"

பத்து வருஷம் அவனை நக்கலடித்தவன் நான். அவன் நடிப்பை நிறுத்தினால் லோன்ட்ரிக்கு நல்லது, நாட்டுக்கு நல்லது, படம் பார்க்கிறவர்களுக்கு மிகவும் நல்லது.

"தெரிஞ்சுது."

"என்ன செய்தவர்?"

"சிரிச்சவர்."

சாந்தி என்னை நிறைய நேரம் பார்த்தாள். பிறகு கடிதத்தை எடுத்து, மடித்து, மேசை லாச்சியை இழுத்து உள்ளே வைத்தாள். தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கப் போனாள்.

மதில் ஃபிரிட்ஜைத் திறந்தான். போத்தலை எடுத்துத் தண்ணி குடித்தான். ஒன்றுமே நடக்காதவன் போல, அவள் சொன்னதோ நான் சொன்னதோ காதில் விழாதவன் போல, நிதானமாக மூடியைத் திருகி உள்ளே வைத்தான்.

அவன் நடித்து நான் முழுசாகப் பார்த்தது அது ஒன்றுதான். நல்ல நடிகன்.