குகைக்கு இருபத்தேழு முறை

வௌவால் பக்கம் ஒன்பது வரி ஆகிவிட்டது. சாலமாண்டர் பக்கம் ஏழைத் தாண்டவில்லை.

அழிந்துவரும் இந்த இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பலகைக்கு எழுதித் தரும்படி அருங்காட்சியகத்தில் கேட்டிருந்தார்கள். வௌவால் கணவருடைய ஆராய்ச்சி. சாலமாண்டர், அதாவது பார்க்கப் பல்லி போலிருந்தாலும் தவளைக்கு உறவான அந்த ஈரத்தோல் பிராணி, மனைவியுடையது. இருவரும் ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகிறது.

“உன் பக்கம் ரெண்டு வரி குறையுதே.”

“குறைஞ்சா குறையட்டும். என்னோடது கொத்துக் கொத்தா முட்டை போடும். உங்களோடது வருஷத்துக்கு ஒரே குட்டி. பாவம்னு பார்த்தா வௌவால்தான்.”

நாற்பது வருடமாக எதையும் விட்டுக்கொடுக்காதவள் இப்படிச் சொன்னது அவருக்குத் தாங்கவில்லை. பரணிலிருந்து பழைய நோட்டை இறக்கித் தூசி தட்டினார். பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை.

அந்தக் குகை. கூரையில் தொங்கும் வௌவால்களை எண்ணியபடி அண்ணாந்து நடந்தவர், தரையில் டார்ச் அடித்து நின்றவள்மேல் போய் மோதினார். அந்த வருடம் மட்டும் அவள் இருபத்தேழு முறை அங்கே வந்தாள். கண்ட சாலமாண்டர்: பூஜ்யம். வெறுங்கையோடு நின்றவளுக்கு ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்து ஆறுதல் சொல்லித்தான் அவர் பெண்களிடம் பேசவே பழகினார்.

எட்டாவது வரியாக அந்தத் தேடலை எழுதினார்.

“அதை எடுத்துடுங்க,” என்றாள் மனைவி.

தன்னடக்கம் என்று நினைத்து, அதையே தலைப்பாக்கினார்: ‘இருபத்தேழு முறை தேடியும் ஒன்றுகூட இல்லை.’

அவள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் அருங்காட்சியகத்துக்குப் போன் செய்தார். அதிகாரிக்குத் தலைப்பு பிடித்துப்போய், வாசலிலேயே பெரிதாக வைப்பதாகச் சொன்னார். “கூட இருந்து பார்த்த யாராவது ஒரு வார்த்தை சொன்னா, அதையும் போட்டுடலாம்.”

அவளை அழைத்துப் போன ஜீப் டிரைவர் இருக்கிறாரே.

“அவருக்குப் போடாதீங்க. காது கேக்காது,” என்றாள் மனைவி, அவசரமாக.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் டிரைவர். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“அம்மா அந்தக் குகையில சாலமாண்டரைத் தேடி அலைஞ்சது ஞாபகம் இருக்கா?”

“எங்க சார் தேடினாங்க? ‘இங்க சொட்டுத் தண்ணி இல்ல, அது இருக்கவே இருக்காது’ன்னு முதல் நாள் திரும்பும்போதே சொல்லிட்டாங்க, அப்புறமெல்லாம் ‘வௌவால் சார் வந்திருக்காரா, பார்த்துட்டு வாங்க’ன்னு என்னைத்தான் முதல்ல உள்ள அனுப்புவாங்க.”