ஐந்தாவது பூ

மார்ச் பதினாறாம் தேதி காலை ஆறு மணிக்கு, ஹினோசாவா நகராட்சியின் சுற்றுலாப் பிரிவு உதவி அலுவலர் இனாபா, அலுவலக வாசலில் நின்ற செர்ரி மரத்தில் ஏணியைச் சாய்த்து ஏறினார். நான்கு பூக்களைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

அவர் கெட்டவர் அல்ல. இருபது வருஷ உத்தியோகத்தில் அலுவலகப் பென்சில் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவர். தப்பெல்லாம் வெயிலுடையது.

அந்த வருஷம் மார்ச் இரண்டாம் வாரமே மலையில் மே மாதம் வந்துவிட்டது. கூரையிலிருந்து பனி தள்ளும் மண்வாரிகள் இன்னும் வாசலில் சாய்ந்திருக்க, பக்கத்திலேயே ஜனங்கள் அரைக்கை பனியனோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். கணப்புக்கு மண்ணெண்ணெய் விற்கும் வண்டிக்காரர் தன் சுற்றை நிறுத்திவிட்டுத் தூண்டில் போடப் போய்விட்டார். ஊரில் இருந்த அத்தனை குளிர்கோட்டும் சலவைக் கடையில் தொங்கியது. இனாபாவும் கோட்டைச் சலவைக்குப் போட்டு, காரின் பனிச்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, சாதாரணச் சக்கரங்களை மாட்டியிருந்தார்.

அதெல்லாம் பெரிய விஷயமில்லை. அந்த மரம்தான் பெரிய விஷயம். அதில் ஐந்து பூ விரிந்தால், நகரத்தலைவர் மேளம் அடித்து "ஊரில் பூ வந்தாயிற்று" என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த எட்டாம் நாள் ஊரே பூவாக நிற்கும். அதற்கு அடுத்த வாரம் எல்லாம் உதிர்ந்து சாக்கடையில் மிதக்கும். பூத்திருவிழா ஏப்ரல் ஐந்து, ஆறு என்று போன இலையுதிர்காலத்திலேயே முடிவாகி, பதினான்கு வெந்நீர் ஊற்று விடுதிகளிலும் ஓர் அறைகூட பாக்கியில்லை.

முதல்நாள் மாலை நகரத்தலைவர் ஒகுமுரா, இனாபாவை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்.

"எத்தனை?"

"மூணு விரிஞ்சிருக்கு சார். இன்னொண்ணு பாதி."

"பாதின்னா? விரிஞ்சதா, விரியலையா?"

"கொட்டாவி விடுற மாதிரி இருக்கு சார்."

ஒகுமுரா தலையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப அறிவிச்சா திருவிழாவுக்கு வர்றவன் குச்சியைத்தான்பா பார்ப்பான். இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் அந்த மரத்துல அஞ்சு பூ இருக்கக் கூடாது."

"அதை மரத்துகிட்ட எப்படி சார் சொல்றது?"

"எப்படின்னு நான் கேக்க மாட்டேன். நீயும் எங்கிட்ட சொல்லாதே."

விடுதிக்காரர்கள் சங்கத் தலைவி கிகுனோ அம்மாள் வாசலிலேயே காத்திருந்தாள். அறுபது வயது. கிமோனோவின் பட்டையை இறுக்கிக் கட்டியிருப்பது போலவே பேச்சும் இருக்கும்.

"இனாபா, எங்க விடுதியில அந்த ரெண்டு நாளைக்கு எண்பது பேரு. எண்பது பேருக்கும் ஜன்னல் வழியா பூ காட்டறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நீ என்ன பண்ணப் போற?"

"பிரார்த்தனை பண்றேன்மா."

"கோயில்ல ஆள் இருக்கு அதுக்கு. நீ ஆபீஸ் ஆளு."

ஆக, இனாபா தினமும் காலை ஆறு மணிக்கு ஏணி ஏறினார். பத்து மணிக்கு ஊர்ப் பத்திரிகைக்காரர் வந்து பூ எண்ணும்போது இரண்டோ மூன்றோதான் இருக்கும். சில நாள் மாலையில் ஏழெட்டுப் பூவைப் பார்த்துவிட்டு, இரவெல்லாம் புரண்டு படுத்து, விடியற்காலை ஓடிவந்தால் ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருக்கும். குருவிகளும் கொத்துகின்றன என்று நினைத்துக்கொண்டு, குருவிகளுக்கு மனசுக்குள் நன்றி சொன்னார்.

வீட்டில்தான் முதலில் மாட்டிக்கொண்டார். அவர் மனைவி சயோகோ, துவைக்கப் போட்ட சட்டையைக் கையில் பிடித்தபடி வந்தாள்.

"என்னங்க, பையில பூ இருக்கு."

"ஆமா."

"யாரு குடுத்தது?"

"மரம்."

"மரம் தானா குடுத்துச்சா, நீங்க கேட்டு வாங்கினீங்களா?"

அவர் உண்மையைச் சொன்னார். சயோகோ பையிலிருந்த பூக்களை உதறினாள். "வேற பொம்பளைன்னா கூட எனக்குச் சண்டை போடத் தெரியும். இதுக்கு என்னன்னு சண்டை போடறது?" என்று சொல்லிவிட்டுத் துவைக்கப் போய்விட்டாள்.

இருபத்தோராம் தேதி பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஒரு படம் வந்தது. பூவில்லாத காம்புகள், பெரிதாக. மேலே தலைப்பு: 'பூத்திருடன்!'

ஊர் கொதித்துப்போனது. நகராட்சிக் கூட்டத்தில் ஒகுமுரா மேசையைத் தட்டினார். "இது ஒரு பூவின் மேல் விழுந்த கை அல்ல. இந்த ஊரின் முகத்தில் விழுந்த கை!" என்றார். கைதட்டல் அடங்கியதும், பூத்திருடனைப் பிடிக்க ஒரு குழு அமைத்தார். குழுவுக்குத் தலைவராக இனாபாவைப் போட்டார்.

"சார், நானா?" என்று இனாபா தனியே கேட்டார்.

"உன்னைவிட்டா அந்த மரத்தைத் தெரிஞ்சவன் யாரு?"

குழுவின் முதல் தீர்மானம், மரத்தடியில் ஒரு காவல்காரர். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஹடா மடக்கு நாற்காலியோடும் டார்ச் விளக்கோடும் வந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருஷம் காவல் நிலையத்தில் இருந்தும் ஒரு திருடனைக்கூட நேரில் பார்க்காதவர் என்று ஊரில் அவருக்குப் பேர்.

இனி கிள்ளுவதற்கு ஹடாவைக் கிளப்ப வேண்டும். இனாபா விடியற்காலையில் பயறு உருண்டை வாங்கிக்கொண்டு போனார்.

"ஹடா ஐயா, நீங்க பொதுக்குளியல்ல ஒரு முழுக்குப் போட்டுட்டு வாங்களேன். அதுவரைக்கும் நான் பார்த்துக்கறேன்."

"நல்ல மனசு சார் உங்களுக்கு." ஹடா உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அவசரமில்ல, நிதானமா பாருங்க. நான் மெதுவாத்தான் வருவேன்."

நாலு நாள் இப்படிப் போனது. இனாபா ஒரு சுற்று இளைத்தார். ஹடா ஒரு சுற்றுப் பெருத்தார்.

இருபத்தாறாம் தேதி பனி கொட்டியது.

மழை மாதிரி வந்து போகிற பனி இல்லை. முழங்கால் உயரம். முதல்நாள் வரை விசிறியால் விசிறிக்கொண்டிருந்த ஊர், ஒரே ராத்திரியில் ஜனவரிக்குத் திரும்பியது. சலவைக் கடை திறக்குமுன் அரைக்கை பனியன்கள் வரிசை கட்டி நின்று கதவைத் தட்டின. மண்ணெண்ணெய் வண்டிக்காரரை ஆற்றங்கரைக்கே போய் இழுத்துவந்தார்கள். சாதாரணச் சக்கரம் மாட்டிய கார்கள் எல்லாம் மேட்டுத் தெருவில் ஏறி, அப்படியே பின்னோக்கி வழுக்கி, ஒன்றன்மேல் ஒன்று மெதுவாக உட்கார்ந்தன. இனாபாவின் கார் நடுவில் இருந்தது. அவருடைய கோட்டைக் கண்டுபிடிக்கப் பத்து நாளாகும் என்று சலவைக்காரர் சொல்லிவிட்டதால், சயோகோவின் இளஞ்சிவப்புப் பஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தார். யாரும் சிரிக்கவில்லை. எல்லாருமே ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மரத்தின் மொட்டுகள் எல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டன. இருபத்தெட்டு வந்தது, போனது. முப்பத்தொன்று வந்தது, போனது. பூ ஒன்றுகூட இல்லை.

ஏப்ரல் முதல் தேதி ஒகுமுரா மறுபடி கதவைச் சாத்தினார்.

"எத்தனை?"

"பூஜ்யம் சார்."

"முதல்ல இருந்ததெல்லாம் எங்கப்பா?"

இனாபா அவரையே பார்த்தார். ஒகுமுரா ஜன்னலைப் பார்த்தார்.

"பூவே வரல்லைன்னு டீவியில சொல்லிட்டான். பஸ் கம்பெனிக்காரன் போன் பண்றான், நாளன்னிக்கு மதியத்துக்குள்ள அறிவிப்பு வரலேன்னா பத்து பஸ்ஸும் வராதாம். மரத்துல அஞ்சே அஞ்சு பூ போதும். மத்ததெல்லாம் மொட்டா இருந்தாலும், இதோ வருதுன்னு காட்டிச் சமாளிச்சுடலாம்."

"அஞ்சு பூவுக்கு எங்க சார் போறது?"

"எங்கன்னு நான் கேக்க மாட்டேன்."

வெளியே கிகுனோ அம்மாள் நின்றிருந்தாள். இந்த முறை அவள் திட்டவில்லை. அதுதான் இனாபாவை உலுக்கியது.

"எண்பது பேருல அறுபது பேரு வரலேன்னுட்டாங்க. சமையல்காரங்க நாலு பேரை அனுப்பிடணுமா வேணாமான்னு நாளன்னிக்குத்தான் முடிவு பண்ணணும்," என்றாள். "எல்லாம் பத்து வருஷமா இருக்கற பொண்ணுங்க."

மறுநாள் இனாபா விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, மலையிறங்கி ஒரு மணி நேரம் ரயிலில் போய், கடலோர நகரத்துப் பூக்கடையில் செர்ரிக் கிளை கேட்டார். பசுமைக்குடிலில் வளர்த்தது ஒரே ஒரு கிளைதான் கிடைத்தது. மதிய உணவு டப்பாவில் ஈரப் பஞ்சு பரப்பி, அதில் பூக்களைக் கிடத்தி, மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார். ரயில் ஒவ்வொரு சுரங்கத்திலும் குலுங்கும்போது இதழ்கள் உதிர்ந்தன. ஹினோசாவா வந்தபோது முழுதாக இருந்தவை இரண்டே இரண்டு.

"என்னங்க," என்றாள் சயோகோ, மறுநாள் விடியலில், விளக்கைப் போட்டு. "என் அலமாரியில என்ன தேடறீங்க?"

"பசை."

"எந்தப் பசை?"

"நீ கண்ணிமை முடி ஒட்டுவியே, அது. தண்ணி பட்டாலும் விடாதுன்னு சொன்னியே."

சயோகோ எடுத்துக் கொடுத்தாள். "கொஞ்சமாத் தடவி, பத்து எண்ணிட்டு ஒட்டுங்க. உடனே ஒட்டினா வழுக்கும்," என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு பூவால் என்ன ஆகப்போகிறது என்ற எண்ணத்தோடுதான் ஏணியில் ஏறினார் இனாபா. ஹடா ஐயா எப்போதும் போல உருண்டையை வாங்கிக்கொண்டு குளிக்கப் போயிருந்தார். பனி நின்று வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

கிளையைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கிழக்குப் பக்கக் கிளையில் மூன்று பூ விரிந்திருந்தது.

மூன்று! இத்தனை குளிரில்! எத்தனை நாள் இதே மரத்தைக் கிள்ளினோம், அது நமக்காக இந்த உபகாரம் செய்கிறதே என்று அவர் நெகிழ்ந்துபோனார். "மன்னிச்சுக்கோ," என்று மரத்திடம் வாய்விட்டே சொன்னார். பிறகு பசை தடவி, பத்து எண்ணி, தன் இரண்டையும் மேற்குப் பக்கக் கிளையில் ஒட்டினார். மூன்றும் இரண்டும் ஐந்து.

பதினொரு மணிக்கு ஊரே வாசலில் கூடியது. கிகுனோ அம்மாள் பட்டுக் கிமோனோவில் இனிப்புத் தட்டோடு நின்றாள். ஒகுமுரா மேளக் குச்சியைத் தூக்கிவிட்டார்.

"ஒரு நிமிஷம்," என்றது ஒரு பெண் குரல்.

மாவட்ட வானிலை நிலையத்திலிருந்து வந்திருந்தாள் நாகமினே. முப்பது வயது இருக்கும். இந்தக் குளிரில் ஹினோசாவாவில் மட்டும் எப்படிப் பூத்தது என்று மேலதிகாரிகளுக்குச் சந்தேகமாம். பூதக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். ஹடா ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அவள் முதல் பூவைப் பார்த்தாள். இரண்டாவது பூவைப் பார்த்தாள். ஐந்தாவது பூவைப் பார்த்துவிட்டு மறுபடி முதல் பூவுக்கு வந்தாள். ஒகுமுராவின் கையில் குச்சி அந்தரத்திலேயே நின்றது. ஏணியை விட்டு இறங்கியவள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இந்த மரத்துக்குப் பொறுப்பு யாரு?" என்றாள்.

இனாபாவுக்குப் பத்து வருஷமாக இருக்கிற அந்தச் சமையல்காரப் பெண்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். நகரத்தலைவரின் பெயர் கெட்டால் திருவிழா மட்டுமல்ல, ஊரே கெட்டுப்போகும் என்று தோன்றியது. அவர் முன்னால் வந்தார். இளஞ்சிவப்புக் கோட்டோடு, இடுப்புவரை வளைந்து வணங்கினார்.

"நான்தாங்க. மேற்குப் பக்கம் இருக்கற ரெண்டு பூவும் நான் ஒட்டினது. திருடினது, ஒட்டினது எல்லாம் நான் ஒருத்தனேதான். நகரத்தலைவருக்கு ஒண்ணும் தெரியாது. கிகுனோ அம்மாவுக்கும் தெரியாது. பாவம், ஹடா ஐயாவைக்கூட நான்தான் ஏமாத்திக் குளிக்க அனுப்பினேன். ஊர்க்காரங்க எல்லாரும் நேர்மையானவங்க. தண்டனை எதுவானாலும் எனக்கு மட்டும் குடுங்க."

ஒகுமுரா மேளத்தின் தோலைக் கூர்ந்து பார்த்தார். கிகுனோ அம்மாள் தட்டிலிருந்த இனிப்புகளைச் சரியாக அடுக்கத் தொடங்கினாள். ஹடா வானத்தைப் பார்த்தார். தன்னால் ஊருக்கே இந்தத் தலைகுனிவு வந்துவிட்டதே என்று இனாபாவின் கண்கள் கலங்கின.

நாகமினே குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"சரி, மேற்குப் பக்கம் ரெண்டும் உங்களுது," என்றாள். "கிழக்குப் பக்கம் மூணையும் ஒட்டினது யார் யாரு?"