மோட்டாருக்கு ஒரு நம்பர்

மும்முனை மின்சாரம் காலை ஒன்பதரைக்கு வந்தது. துரைராசுவும் ஒன்பதரைக்கு வேலைக்கு வந்துவிட்டார். சிக்கலே அதுதான். மின்சாரம் வந்தது அவருடைய வயலுக்கு. அவர் வந்தது வயலிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, நீடாமங்கலத்தில் இருக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கு. அங்கே அவர் எழுத்தர். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தில் குறுவை நெல் நட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு, வயலில் மோட்டாரைப் போட ஓர் ஆள் வேண்டும். ஆள் என்றால் மச்சான் வைத்தியலிங்கம்தான்.

வைத்தியலிங்கம், துரைராசுவின் மனைவி தர்மாம்பாளுக்கு அண்ணன். ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். போன் செய்தால் உடனே போய் சுவிட்சைத் தட்டிவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சுவிட்சைத் தட்டிய கை சும்மா இருக்காது. சாயங்காலமே வாசலில் வந்து நின்று, நாளைக்கு மன்னார்குடியில் கூட்டம், வேன் எட்டு மணிக்கு என்று சொல்லிவிட்டுப் போகும். அந்த ஆண்டில் மட்டும் துரைராசு பதினோரு கூட்டங்களில் நாற்காலி நிரப்பியிருந்தார். மச்சானின் கட்சி எதிர்க்கட்சியாக இருந்தபோதும் இதே கதைதான், கறுப்புக்கொடி மட்டும் கூடுதல்.

துரைராசுவுக்கு எந்தக் கட்சி மேலும் கோபம் கிடையாது. நாற்பத்தெட்டு வயதில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. யாருக்கும் ஆளாக இல்லாமல் வாழ வேண்டும். "துரைராசு யாரு ஆளு?" என்று ஊரில் யாராவது கேட்டால், கேட்கப்பட்டவன் பதில் தெரியாமல் விழிக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுச் செத்தாலும் பரவாயில்லை என்று நினைத்தார்.

அதற்கு வழி இருப்பதாக மெக்கானிக் சொன்னான். மொபைல் ஸ்டார்ட்டர் என்று ஒரு பெட்டி. அதற்குள் ஒரு சிம் போட வேண்டும். அந்த நம்பருக்கு எங்கிருந்து கூப்பிட்டாலும் ஒரே ரிங்கில் கட் ஆகி, மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். நிறுத்துவதற்கு ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும். வேறு யாரும் கூப்பிட்டு ஓட்டாமல் இருக்க லாக் போடலாம், அதற்குத் தனியாக எண்ணூறு ரூபாய் என்றும் சொன்னான். மோட்டாருக்குப் போன் செய்யப் போகிறவர்கள் யார் இருக்கிறார்கள் என்று துரைராசு லாக்கை வேண்டாமென்று விட்டுவிட்டார்.

சிம் வாங்கப் போன இடத்தில் கட்டைவிரல் தகராறு செய்தது. அவருடைய ரேகையை எந்த இயந்திரமும் ஒப்புக்கொண்டதில்லை. ரேஷன் கடையில் விரலைத் தலையில் தேய்த்து, வேட்டியில் துடைத்து, ஏழாவது முறை வைத்தால் அரிசி கிடைக்கும். செல்போன் கடைக்காரர் கலந்தர் நான்கு முறை பார்த்துவிட்டு அவர் விரலை எடுத்து அவரிடமே கொடுத்தார்.

"ரேகையெல்லாம் வாணாம்ணே. ஓடிக்கிட்டு இருக்கற சிம்மே ஒண்ணு இருக்கு. சார்ஜா போனவரு ஒருத்தர் விட்டுட்டுப் போனாரு. இன்னும் பத்து மாசம் ரீசார்ஜ் இருக்கு."

துரைராசு அதை வாங்கிப் பெட்டிக்குள் போட்டார். கடையிலேயே அதிலிருந்து வந்த மிஸ்டு காலைத் தன் போனில் 'மோட்டார்' என்று பெயர் போட்டுப் பதிந்துகொண்டார். நம்பர் என்ன என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை.

முதல் நாள் சங்கத்தில் உட்கார்ந்தபடி கூப்பிட்டார். ஒரு ரிங். கட். பக்கத்து வயல் பிரகதாம்பாளுக்குப் போன் செய்து கேட்டதில், தண்ணீர் ஜோராகக் கொட்டுகிறது என்றாள். துரைராசு அன்று மதியம் சோற்றை மென்று ருசித்துச் சாப்பிட்டார். மச்சானுக்குப் போன் செய்யாமல் கழிந்த முதல் நாள் அது. வைத்தியலிங்கம் அன்றைக்கே தங்கையிடம் வந்து, மாப்பிள்ளை பெரிய மனுஷன் ஆகிவிட்டார் என்று குறைபட்டுப் போனதாகக் கேள்வி.

நான்காம் நாள் பிரகதாம்பாளே கூப்பிட்டாள். கணவர் போனபின் தனியாளாக நிலம் பார்ப்பவள், சுற்றி வளைத்துப் பேசமாட்டாள். அவருடைய மோட்டார் ஒரு மணி நேரமாக ஓடுகிறது, வரப்பு உடைந்துவிட்டது, தன் நாற்றங்கால் மிதக்கிறது, அவர் வருகிறாரா அல்லது தான் போலீசுக்குப் போகட்டுமா என்று கேட்டாள். துரைராசு மெசேஜை அனுப்பிவிட்டு வண்டியை எடுத்தார். நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று என்ஜினை மாற்றிக்கொண்டு திரும்பும்வரை நாற்பது நிமிடம் நின்றார்.

வயலுக்குப் போனபோது முழங்கால் அளவு தண்ணீர். கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு மூன்று பேர் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வயல்களின் குறுக்கே எரிவாயுக் குழாய் பதிப்பதற்காக அளவைக்கல் ஊன்ற வந்த கம்பெனிக்காரர்கள். துரைராசு அவர்களைக் கவனிக்கவில்லை. அவர் கவலை அவருக்கு.

மெக்கானிக் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, போர்டு போயிருக்கும் என்று போர்டை மாற்றினான். இரண்டு நாள் கழித்து மோட்டார் மறுபடியும் தானாக ஓடியது. அன்றைக்கும் கம்பெனி ஜீப் வந்து, நனைந்து, திரும்பிப் போயிருந்தது.

அடுத்த வாரம் சங்கத்தில் அவருக்குப் பக்கத்து மேசைக்காரர் மீரா உசேன் வெளியிலிருந்து வேகமாக வந்தார்.

"துரைராசு, உங்க வயப்பக்கம் கல்லு ஊன வந்திருக்கானுவளாம். இங்க உக்காந்துக்கிட்டு என்ன பண்றீங்க? குழுவுக்குப் போன் போடுங்க."

எதிர்ச்சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'நிலம் காப்புக் குழு. அளக்க வந்தால் உடனே அழைக்கவும்.' கீழே நம்பர். மாவட்டத்தில் பாதிச் சுவர்களில் அந்த நம்பர் இருந்தது. துரைராசு நாலு வருஷமாக அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் சுவரில் எழுதியதை யார் படிக்கிறார்கள்?

குழுவின் தலைவர் ஹாஜா மைதீனை எல்லோருக்கும் தெரியும். துரைராசுவின் வயலுக்கு மேற்கே நிலம் வைத்திருந்தவர். மேடையில் ஒரு வார்த்தை பேசமாட்டார், மாலையைக் கூட வாங்கிக்கொள்ளக் கூசுவார். ஆனால் அவர் இருந்த மூன்று வருஷமும் கம்பெனி அந்தப் பக்கம் ஒரு கல் ஊன்ற முடிந்ததில்லை. செயல்வீரர் என்று இரண்டு கட்சிக்காரர்களும் ஒத்துக்கொண்ட ஒரே மனிதர். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த கையோடு யாரிடமும் சொல்லாமல் சார்ஜாவுக்கு விமானம் ஏறிவிட்டார். கம்பெனி மிரட்டியிருக்கும் என்று ஊர் பேசிக்கொண்டது.

துரைராசு சுவரைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். பத்தாவது எண்ணை அழுத்தியதும் போன் தானாகவே பெயரைக் காட்டியது: மோட்டார்.

ஒரு ரிங். கட்.

"கட் பண்ணிட்டாங்களா? அப்ப வந்துடுவாங்க. எப்பவும் அப்புடித்தான்" என்றார் மீரா உசேன் நிம்மதியாக.

துரைராசு வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜீப் போய்விட்டிருந்தது. வரப்பில் முப்பது பேர் மாலையோடு நின்றார்கள். மூன்று தடவையும் தண்ணீர் எந்த மோட்டாரிலிருந்து வந்தது என்று ஊர் கண்டுபிடித்துவிட்டது. துரைராசு நடந்ததை நடந்தபடியே சொன்னார். தான் எதுவும் செய்யவில்லை, யார் போன் செய்தாலும் அது தானாக ஓடுகிறது என்றார். அடக்கம் என்றால் இதுதான் அடக்கம் என்று கைதட்டினார்கள். நாற்றைப் பறிகொடுத்த பிரகதாம்பாள்தான் மாலையைப் போட்டாள்.

"நாத்து போனாப் போவுது தம்பி. நெலம் நிக்கிதுல்ல."

அன்று மாலையே துரைராசு எண்ணூறு ரூபாயைக் கொடுத்து லாக்கைப் போட்டார். இனி அவர் போனைத் தவிர எதற்கும் மோட்டார் அசையாது. அவர் கணக்கில் விஷயம் அத்தோடு முடிந்தது.

மறுநாள் கம்பெனி வந்தது. ஊரே போன் செய்தது. தண்ணீர் வரவில்லை. பிரகதாம்பாள் வயலில் நான்கு கற்கள் ஊன்றப்பட்டன. மதியத்துக்குள் துரைராசு விலை போய்விட்டார் என்று பேச்சு. மூன்று மணிக்கு பிரகதாம்பாள் ஒரு கல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவர் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் துரைராசு தாங்கியிருப்பார். அந்தக் கல் அவரை உண்மையிலேயே கலக்கிவிட்டது. ஒண்டிக்கட்டையாக நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் ஒருத்தியை ஏமாற்றிவிட்டோமே என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"லாக்க எடுத்துடுங்க" என்றாள் தர்மாம்பாள். "வாசல்ல கல்லோட என்னால கோலம் போட முடியாது."

எடுத்தார். அடுத்த வாரம் கம்பெனி நனைந்தது. ஊர் மறுபடியும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது, இந்தமுறை இறக்கிவிடுகிற உத்தேசமே இல்லாமல். சங்கச் செயலாளர், சங்க ஊழியராக இருந்துகொண்டு போராட்டத்துக்குத் தலைமை தாங்குவது குறித்து விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். காவல் நிலையத்தில் பெயரை எழுதிக்கொண்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் சால்வையோடு வந்தார்கள். அவர்கள் படியிறங்குமுன் வைத்தியலிங்கம் அதைவிடப் பெரிய சால்வையோடு வந்தார்.

"நீங்க இல்லாம இனி கூட்டமே இல்ல மாப்ள" என்றார். "கீழ உக்கார வாணாம். மேடையிலயே நாற்காலி போட்டாச்சு."

ஒரே மாதத்தில் துரைராசு குழுவுக்கு ஆள், ஊருக்கு ஆள், இரண்டு கட்சிக்கும் ஆள், போலீசுக்கும் வேண்டிய ஆள். மச்சான் தயவில் மோட்டார் ஓடிய காலத்தில் மாதம் ஒரு கூட்டம்தான் இருந்தது. அதுவே சுதந்திரம் என்று அப்போது தெரியாமல் போயிற்று.

மெமோவுக்குப் பதில் எழுத வேண்டிய கடைசி நாளன்று அவர் சிம்மைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு கலந்தர் கடைக்குப் போனார். கலந்தர் யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், இத நீங்களே வச்சுக்குங்க" என்றார் துரைராசு. "ஒரு தலைவர் வச்சிருந்த நம்பரைக் கொண்டாந்து எங்கிட்ட குடுக்கலாமா? ஹாஜா மைதீன் பாய் துணிஞ்சு எறங்குன மனுசன். நான் யாரு தயவும் இல்லாம தண்ணி பாய்ச்சணும்னு நெனச்சவன். எனக்கு இது தாங்காது."

கலந்தர் கண்ணாடிக்குள் மாட்டிய காற்றுக் குமிழை விரலால் ஓரத்துக்குத் தள்ளினார். தலையை நிமிர்த்தவில்லை.

"தலைவரா? சொவத்துல எழுதுனவன் குழு நம்பர்ல ஒரு எட்ட மூணுன்னு எழுதிப்புட்டான்ணே, அது இந்த நம்பராப் போச்சு. ஹாஜா மைதீன் பாயும் மோட்டாருக்குத்தான் இந்த சிம்ம வாங்குனாரு."