காலால் பாட்டுக் கேட்டவர்

எனக்கு வயது எண்பத்தாறு. பெற்று வளர்த்தது ஏழு. எட்டாவதாக ஒருவரையும் வளர்த்தேன். அவர் என்னைவிட ஒன்பது வயது பெரியவர்.

செஞ்சிக் கடைத்தெருவில் அந்தக் காலத்தில் காது இருந்த அத்தனை பேரும் பாட்டுக் கேட்டார்கள். காலால் கேட்டவர் அவர் ஒருவர்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நாற்பது வருஷம் அந்தக் காலோடு குடும்பம் நடத்திய களைப்பில் சொல்கிறேன்.

அவர் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது எழுதவும் கை வரவில்லை. ஊரில் அவருக்கு மிதி டெய்லர் என்று பேர், அதுவே போதும். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒன்றரை ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு கடை. அதில் ஒரு மிதி மிஷின், துணி வெட்டுகிற பலகை, பின்னால் ஒரு பாய். பாயில் நான். காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது என் வேலை. முக்கியமான வேலை பிரிப்பது. அவர் தைத்ததைவிட நான் பிரித்தது அதிகம். மடியில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை, கையில் யாரோ ஒருவர் சட்டை.

எல்லாவற்றுக்கும் காரணம் பக்கத்துக் காபி கிளப். யுத்தம் ஆரம்பித்த புதிதில் கிளப்காரர் புதுச்சேரிக்குப் போய் ஒரு கிராமபோன் பெட்டி வாங்கிவந்தார். வீட்டைக் காலி செய்துகொண்டு கப்பல் ஏறிய ஒரு துரை வீட்டுச் சாமான். கூடவே ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பாட்டுப் பிளேட்டு. துரை கேட்டது, துரைசானி கேட்டது, அவர்கள் வீட்டுச் சமையல்காரர் கேட்டது எல்லாம் அதில் கலந்து கிடந்தன. கிளப்காரர் காலையில் குழலைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துச் சாவி கொடுத்தால், கடை கட்டுகிற வரைக்கும் ஓயாது. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் பாட்டைக் கேட்டு உள்ளே வருவார்கள் என்று அவர் கணக்கு. வந்தார்கள். பாட்டு எங்கள் கடைக்குள்ளும் வந்தது.

இவரைக் கேட்டால், “நா எங்க பாட்டு கேக்குறேன்? அது ஒரு பக்கம் பாடுது, நா ஒரு பக்கம் தைக்கிறேன்” என்பார். பொய் இல்லை. காதில் அவர் வாங்கவே மாட்டார். காலில்தான் வாங்குவார்.

மிதி மிஷின் பழகாதவர்களுக்குச் சொல்கிறேன். கால் சீராக மிதித்தால்தான் சக்கரம் முன்னால் சுற்றும். கால் தடுமாறினால் சக்கரம் பின்னால் சுற்றி நூல் அறுந்துவிடும். கால் தலைதெறிக்க ஓடினால் துணியும் ஓடும். தையல் கோட்டை விட்டு இறங்கி வயல்பக்கம் போய்விடும்.

கச்சேரிப் பிளேட்டு போட்டால் பாடுகிறவர் முதலில் ராகத்தை இழுப்பார். இவர் காலும் இழுக்கும். பாடுகிறவர் மூச்சு வாங்கினால் இவர் கால் அந்தரத்தில் நிற்கும். நூல் பட்டென்று அறும். பாட்டு எப்படி என்று கிளப்காரர் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். இவர் ஊசியில் நூல் கோத்தபடியே, “நல்லாத்தான் இருக்குது. இன்னும் வண்டி கட்டிக்கினே இருக்காரு. எப்ப கெளம்புவாருன்னு தெர்ல” என்பார்.

நாதஸ்வரம் என்றால் கால் சாமி ஊர்வலம் மாதிரி நிதானமாகப் போகும். வம்பு கெட்டிமேளத்தில்தான். அது கேட்டதும் கை தானாகக் கத்தரித்த துணித் துணுக்குகளை அள்ளி, எதிரே நிற்பவர் தலையில் போட்டுவிடும். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த மல்லாட்டைக் கடலை வியாபாரி ஒருவர் ஒரே காலையில் இரண்டு தடவை ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளைக்காரி ஒருத்தி பாடும் பிளேட்டு ஒன்று இருந்தது. குரல் மேலே மேலே போய் ராஜகிரி மலையில் இடித்துத் திரும்பி வரும். அது போட்ட அன்றைக்கு மிஷின் நின்றேவிட்டது. என்ன என்று கேட்டேன். “அந்தம்மாவுக்கு எங்கியோ வலிக்குது. ஊட்ல ஆளுங்க யாரும் இல்லியா?” என்றார். மறுநாளும் கிளப்காரர் அதையே போட்டபோது, இன்னும் சரியாகவில்லையே என்று வருத்தப்பட்டார்.

சிரிப்புப் பிளேட்டு என்று ஒன்று. ஒரு ஆள் ஆரம்பம் முதல் கடைசிவரை சிரிப்பான், வேறொன்றும் செய்யமாட்டான். தெரு முழுவதும் சேர்ந்து சிரித்தது. இவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “இன்னாத்துக்குன்னு சொல்லிட்டு சிரிச்சான்னா நாமும் சிரிக்கலாம்” என்றார். ஆனால் கால் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்குத் தைத்த தலையணை உறையைப் பார்த்தால் தெரியும்.

பட்டாள பேண்டு போட்ட நாளைப் பற்றிச் சொல்லவே எனக்கு அலுப்பாக இருக்கிறது. போலீஸ்காரர் ஒருவரின் அரைக்கால் டிராயர் மிஷினில் இருந்தது. இவர் கால் லெஃப்ட் ரைட் என்று கிளம்பிவிட்டது. பேண்டு நிற்கும்போது பார்த்தால், கால் விடுகிற இரண்டு ஓட்டையையும் சேர்த்துத் தைத்து மூடியிருந்தார். போலீஸ்காரர் அதை இடுப்பில் ஏற்ற முயன்றுவிட்டு, இது டிராயரா பையா என்று கேட்டார். இவர் பாட்டின்மேல் பழியைப் போட்டார். “நடடா நடடான்றானுங்க. எங்க போறோம்னு சொல்ல மாட்டேன்றானுங்க.” நான் உட்கார்ந்து பிரித்தேன்.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். வடக்கத்திக்காரர் ஒருவர் பாடும் பிளேட்டு. எங்கள் தெருவில் யாருக்கும் அந்தப் பாஷை தெரியாது. அதற்கு இவர் கால், தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிற மாதிரி மெதுவாக நடக்கும். “யாரையோ தேடுறாரு, பாவம். கெடைக்கல” என்பார். அன்றைக்குத் தைத்த ஆறு சட்டையில் ஒன்றைக்கூட நான் பிரிக்கவில்லை. தினமும் அதையே போடச் சொல்லிக் கிளப்காரரைக் கெஞ்சினேன். காபியில் கண்ணீர் விழுகிறது என்று அவர் மறுத்துவிட்டார்.

இப்படி இருக்கையில் என் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. என் தாய்வீடு வல்லத்துப் பக்கம். அங்கே என் சித்திக்கு இவரைப் பற்றி நல்ல எண்ணம் கிடையாது. “கையில தொழில் இருக்குதுன்னு பாத்துக் குடுத்தோம். காலு இப்டினு யாரு கண்டா?” என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். அந்த வாயை அடைக்க வேண்டும் என்று, பெண்ணுக்கு ரவிக்கை எங்கள் வீட்டுக்காரர்தான் தைப்பார் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் இவர் காலை நினைத்தேன்.

யுத்தக் காலம். துணிக்கு ரேஷன். என்னைப் பெற்ற நைனா எங்கெங்கோ அலைந்து ரோஜா நிறத்தில் ஒரு பட்டுத்துண்டு வாங்கியிருந்தார். அது கெட்டால் வேறு இல்லை. பட்டை ஒருமுறை தைத்துப் பிரித்தால் ஊசி போன வழியெல்லாம் பொத்தல் பொத்தலாகத் தெரியும். அதாவது இந்தத் தடவை நான் பிரிக்கவும் முடியாது. மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து முடியப் போகிறது. புதன்கிழமை காலை கல்யாணம். செவ்வாய்க்கிழமை மத்தியான பஸ்ஸில் ரவிக்கையோடு நான் போய் இறங்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை துணியை வெட்டி முடித்தார். சனிக்கிழமை கிளப்காரர் ஒரு நாடகச் செட்டை இறக்கினார். மொத்தம் எட்டுப் பிளேட்டு. ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் முழுக் கதை. ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு கெட்ட மந்திரி. ராணி முத்துமாலையைத் திருடிவிட்டாள் என்று மந்திரி கோள் மூட்டுகிறான். ராஜா நம்பிவிடுகிறார். ஆறாவது பிளேட்டின் முடிவில் ராணி ஜெயிலில் அழுகிறாள். விடிந்தால் தலை போய்விடும். எட்டாவது பிளேட்டில் ராணி சிம்மாசனத்தில் இருக்கிறாள், மந்திரி காலில் விழுந்து கிடக்கிறான், எல்லோரும் மங்களம் பாடுகிறார்கள்.

ஏழாவது பிளேட்டு இல்லை. திண்டிவனம் பஸ்ஸில் வரும்போது யாரோ ஒரு கனத்த மனிதர் அதன்மேல் உட்கார்ந்துவிட்டாராம்.

தெருவில் யாருக்கும் இது ஒரு குறையாகத் தெரியவில்லை. மங்களம் பாடியாயிற்று, போதாதா? இவர் கால் மட்டும் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, “அந்த ராணி எப்டி வெளிய வந்தா?” என்று கேட்டார். சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்காது. திங்கட்கிழமை முழுவதும் கடைக்கு வந்தவர்களை விசாரித்தார். ராஜா மனசு மாறியிருப்பார் என்றார் பஸ் கண்டக்டர். காவல்காரன் கையில் ஏதாவது வைத்திருப்பாள் என்றார் டிராயர் போலீஸ்காரர். இவருக்கு எதுவும் ஒப்பவில்லை. அந்த ராணி அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை. பட்டு இன்னும் துண்டு துண்டாகப் பலகையில் கிடக்கிறது. முதுகு தனி, முன்பக்கம் தனி, கை இரண்டும் தனி. நான் கிளப்காரரிடம் போய்ப் பாட்டுப் பெட்டியை நிறுத்தச் சொன்னேன். நல்ல மனுஷர், நிறுத்தினார். தெருவே அமைதியாகிவிட்டது. அப்போதும் கால் அசையவில்லை.

“இன்னாங்க, தங்கச்சி நாளைக்கு கோயிலுக்கு போவணும்.”

“நா இன்னாமே பண்றது? தைக்கலாம்னுதான் உக்காந்துகினு இருக்கேன். காலு வர்ல.”

சத்தம் போடவில்லை, சண்டை இல்லை. நிஜமாகவே வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். பட்டுத்துணியில் கைவைக்க அவருக்கே பயமாக இருந்தது. சித்தி சொன்னது இவர் காதுக்கும் வந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஊரையெல்லாம் கேட்டார். பின்னால் பாயில் இருந்த என்னை மட்டும் கேட்கவில்லை.

“ஏழாவது பிளேட்டு நா கேட்ருக்கேன்” என்றேன்.

தலை திரும்பியது. “எங்க?”

“எங்க ஊர்ப் பக்கம். ஒரு கல்யாணத்துல போட்டாங்க.”

“சொல்லு.”

“தைங்க, சொல்றேன். மிதி நின்னுச்சின்னா பிளேட்டும் நின்னுடும்.”

மிதி நகர்ந்தது. எனக்குக் கதை ஒன்றும் தெரியாது. கையில் யாருடைய சட்டையோ பாதி பிரித்தபடி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன். ஜெயிலில் ராணி சும்மா உட்கார்ந்திருந்தாள். காவல்காரன் பெண்சாதி இரக்கப்பட்டு, அரண்மனையிலிருந்து வந்த கிழிசல் துணிமூட்டையைக் கொண்டுவந்து போட்டாள். அதில் மந்திரியின் கோட்டும் இருந்தது.

“ராணிக்கு தைக்கத் தெரியுமா?” என்றார்.

“தைக்கத் தெரியாது. பிரிக்கத் தெரியும்.”

முதுகும் முன்பக்கமும் சேர்ந்துவிட்டன. நான் மேலே சொன்னேன். கோட்டின் உள்துணியை ராணி தடவிப் பார்த்தாள். ஒரு இடத்தில் தையல் வேறு மாதிரி இருந்தது. டெய்லர் போட்ட தையல் இல்லை. பயந்துபோன கை அவசரத்தில் போட்டது. பிரித்துப் பிரித்துப் பழகியவளுக்கு அது தெரியாதா? மெதுவாகப் பிரித்தாள். ஒவ்வொரு முத்தாக மடியில் விழுந்தது.

“அவந்தான் எடுத்து வெச்சிகினு இருந்தானா?” என்றார். கால் சீராகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு கை ஏறிவிட்டது. இரண்டாவது கைக்குக் கதை போதவில்லை. காவல்காரனை அரண்மனை வரைக்கும் நடக்கவிட்டேன். ராஜாவைத் தூங்க வைத்தேன், எழுப்பினேன். முத்துக்களை எண்ணச் சொன்னேன். ஒன்று குறைந்தது, தேட வைத்தேன்.

“இதுல பாட்டு இல்லியா?”

“ராணிக்குத் தொண்ட கட்டிக்கிச்சு.”

“ஆமா, ஜெயில்ல குளிராச்சே” என்று ஒப்புக்கொண்டார்.

கடைசி முத்து கிடைத்தபோது கடைசி ஓரமும் முடிந்தது. பஸ் ஹாரன் அடித்தது.

கல்யாண வீட்டில் சித்தி ரவிக்கையின் கையை உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, தோளிலிருந்து ஓரம் வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, இந்த வருஷம் வெயில் அதிகம் என்றாள். நான் இரண்டு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். யுத்தம் முடிந்த பிறகு கிளப்காரர் அந்த ஏழாவது பிளேட்டை எங்கிருந்தோ தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். டெய்லருக்காகவே வாங்கினேன் என்று தட்டிக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. மடியில் மூன்றாவது பிள்ளை.

பிளேட்டு ஓடியது. ராஜாவின் கனவில் ஒரு தெய்வம் வந்தது. ராணி நல்லவள் என்று சொன்னது. ராஜா எழுந்து கதவைத் திறந்துவிட்டார். ராணி நீளமாக ஒரு பாட்டுப் பாடினாள், தொண்டையில் ஒரு குறையும் இல்லாமல். கோட்டும் இல்லை, முத்தும் இல்லை, பிரித்ததும் இல்லை.

நான் இவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிதி ஒருமுறைகூட நிற்கவில்லை. நூல் அறவில்லை.

எப்படி டெய்லரே என்று கிளப்காரர் கேட்டார். இவர் திரும்பாமலே சொன்னார்.

“இது போலி பிளேட்டு. அசல் எங்க ஊட்ல இருக்குது.”

அவருக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவர் போய் முப்பது வருஷம் ஆகிறது.

கலா, இங்கே வா கண்ணு. பாட்டி எழுதினதை ஒருதரம் படித்துக் காட்டு. கடைசியில் அவர் சொன்னது வரும். அந்த இடத்தை மட்டும் ரெண்டு தரம் படி.