கிணற்றைப் படமாகக் கீறியவன்

கதைக்கச் சோம்பல்படுகிறவன் படம் கீறக் கூடாது. நான் கீறினேன்.

புத்தூரில் எங்கள் தோட்டக் கிணறு ஆறு குடும்பத்துக்குப் பொது. முறை வைத்து மிசினால் இறைப்போம். என் முறை கடைசி. அந்த வருடம் மழை இல்லை. எல்லோரும் இறைப்பைக் குறைக்காவிட்டால் என் வெங்காயத்துக்குச் சேறுதான் மிஞ்சும். வாயால் சொன்னால், "உவன் தன்ரை வெங்காயத்துக்கு அழுறான்" என்பார்கள்.

விவசாயக் கந்தோரில் வேலை செய்யும் ஐயா ஒருவர் முன்பு மழைக் கணக்கைப் பட்டை பட்டையாகக் கீறிக் காட்டியிருந்தார். நானும் தொடங்கினேன். (படிப்பு ஐந்தாம் வகுப்பு. கோடு மட்டும் நேராக வரும்.) காலையில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குவேன். கிணற்றுக் கட்டிலிருந்து தண்ணீர் வரை எத்தனை முழம் என்று குறிப்பேன். ஒரு மாதத்தில் பன்னிரண்டு முழம் பத்தொன்பது ஆனது. பெரிய கடதாசி மட்டையில் நீலப் பட்டைகள் கீறி, "எங்கள் கிணறு" என்று மட்டும் எழுதினேன். மிச்சத்தைப் படமே கதைக்கும் என்று நினைத்தேன்.

கதைத்தது.

வாசிகசாலையில் மட்டையைத் தூக்கிப் பிடித்தேன். முதல் முறைக்காரர் செல்லத்துரை அண்ணை கண்ணாடியைப் போட்டார்.

"இதென்னடா தம்பி, நீலம் ஏறிக்கொண்டு போகுது?"

"ஓம் அண்ணை. நாளுக்கு நாள் முழம் கூடுது."

"தண்ணி கூடுதோ! அப்ப அடியிலை ஊத்துத் திறந்திட்டுது!"

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடியட்டும், திருத்திச் சொல்வோம் என்று நின்றேன். (எனக்கு விழுந்த ஒரே கைதட்டல்.) முடிந்தபோது பாதிப்பேர் இறைக்கப் போய்விட்டார்கள்.

என் முறையன்று மிசின் காற்றை இழுத்து இருமியது. ஐந்து வீட்டாரும் ஓடி வந்தார்கள்.

"எங்கையடா கூடின தண்ணி?" என்றார் செல்லத்துரை அண்ணை.

மனைவி வீட்டிலிருந்து மட்டையைக் கொண்டுவந்து தலைகீழாகப் பிடித்தாள்.

"இது கட்டு. இது கயிறு. கயிறு நீண்டால் தண்ணி எங்கை, அண்ணை?"

பட்டைகள் கிணற்றுக்குள் தொங்கின. எழுத்து கவிழ்ந்து கிடந்தது. நாட்களும் பின்னிருந்து முன் வந்தன. அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

"கீழை," என்றார் அவர், மெதுவாக.

அன்றே இறைப்பைப் பாதியாக்கினார்கள். என் வெங்காயத்தில் அரைவாசி தப்பியது.

"ஒரு வரி எழுத உங்கடை கை முறிஞ்சதோ?" என்றாள் மனைவி.

போன வருடம் எனக்கு நெஞ்சு நோ. இருதயத் துடிப்புக் கோடு விழுந்த தாளை டொக்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருக்கால் கவிட்டும் பாருங்கோ, டொக்டர். இவரின்ரை படம் அப்பிடித்தான்," என்றாள் மனைவி.

டொக்டர் சிரிக்கவில்லை. கவிழ்த்துப் பார்த்தார்.