பற்றரி அக்காவும் வெடித்த தண்ணீரும்

உலகத்துப் பற்றரிகளுக்கெல்லாம் தாயாகவும், அவற்றை வைத்திருக்கும் மனிதர்களுக்கெல்லாம் மாமியாராகவும் ஒரே பெண் இருக்க முடியுமென்றால், அது பற்றரி அக்காதான். அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கொதி வரும்.

திருகோணமலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்பக்க ஒழுங்கையில் நான் குடியிருந்த காலம். பக்கத்து வளவில் தகரம் அடித்த ஒரு கொட்டில். அதுதான் அக்காவின் பற்றரிக் கடை. அவர் போடும் ஹவுஸ்கோட்டில் அசிட் தின்ற ஓட்டைகளைப் பார்த்தால், வலை என்று நினைத்து யாராவது கடலுக்குக் கொண்டுபோய் வீசிவிடுவார்கள். சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. கேட்கிற துணிவும் யாருக்கும் இருக்கவில்லை.

ஒருநாள் பாலையூற்றிலிருந்து ஓட்டோக்காரர் ஒருவர் காய்ந்துபோன பற்றரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, இது கடைசியா எப்ப தண்ணி குடிச்சது?"

"தெரியாது அக்கா."

"நீ இண்டைக்கு எத்தினை தரம் குடிச்சனி?"

பாவம், அந்த மனிதருக்கு ஒரு கிழமையாகப் பற்றரி கிடைக்கவில்லை. 'உனக்கு வளக்கத் தெரியாது' என்று அக்கா வைத்துக்கொண்டார். சொந்தப் பற்றரியைப் பார்க்க அவர் தினமும் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார்.

இப்படிப்பட்டவருக்குப் பக்கத்து வீட்டில் நான். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறவன். என்னுடைய மனக்கொதிப்பை விளங்கிக்கொள்ள இது முக்கியம்.

எரிபொருள் இல்லாமல் நாடு முழுக்க வரிசையில் நின்ற அந்த வருடம், முன்வீட்டு அந்தோனி அண்ணையின் மீன்பிடிப் போட்டும் மண்ணெண்ணெய் இல்லாமல் கரையில் குப்புறக் கிடந்தது. கடலுக்குப் போகாத மனிதன் ஒழுங்கைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஒருநாள் அவர் போனில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினார். யாரோ ஒருவன் மோட்டார் சைக்கிளைத் தண்ணீரில் ஓட்டுகிறான். அக்கா அதை மூன்று தரம் பார்த்தார்.

"தண்ணிக்குள்ளை கரண்ட் விட்டா காஸ் வரும். காஸை எஞ்சினுக்குக் குடுத்தா எஞ்சின் ஓடும். பிறகேன் நாங்கள் வரிசையிலை நிக்கிறம்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். படித்த படிப்பு விடவில்லை. ஒழுங்கை மணலில் தடியால் கீறி, தண்ணீரைப் பிரிக்கக் கொடுக்கிற சக்தியைவிட அதை எரிக்கும்போது வருகிற சக்தி ஒருநாளும் கூடுதலாக இராது என்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"மாஸ்டர், இதைச் செய்து பாத்தனீங்களோ?"

"பள்ளிக்கூடத்திலை அதுக்கு வசதி இல்லை. ஆனா புத்தகத்திலை..."

"அப்ப இது நீங்கள் கேள்விப்பட்ட கதை."

ஒழுங்கையே சிரித்தது. அந்தோனி அண்ணை என் கீறலின் மேலேயே நடந்து போனார்.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் என் முன்னால் வாழையிலை. "சில்வர் தட்டெல்லாம் எங்கையப்பா?" என்று கேட்டேன். "அக்கா கேட்டவ. குடுத்தனான்" என்றார் என் மனைவி. "தண்ணியிலை காஸ் வந்தா எங்கட குசினிக்கும் ஒரு குழாய் தாறனெண்டவ." இரசாயன ஆசிரியரின் மனைவி! யாரிடம் போய் முறையிடுவது?

என் தட்டுகளை அக்கா சதுரம் சதுரமாக வெட்டி, இடையிடையே சைக்கிள் ரியூப் றப்பர் வைத்து அடுக்கி, பெரிய ஊறுகாய்ப் போத்தல் ஒன்றுக்குள் இறக்கி, ஒரு பற்றரியோடு வயரால் இணைத்தார். தண்ணீரில் கரண்ட் நன்றாகப் பாயவேண்டுமென்று ஒரு கை உப்பை அள்ளினார்.

"உப்புப் போடாதேங்கோ அக்கா! குளோரின் வரும்!" மதிலுக்கு மேலால் கத்தினேன். இரண்டு தரம் கத்தினேன்.

போட்டார். ஐந்து நிமிடத்தில் முருங்கை மரத்துக் காகங்கள் வேறு ஊர் பார்க்கப் போய்விட்டன. அக்கா கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே ஓடிவந்தார். இருமி முடிந்ததும் முதல் வேலையாக என்னைப் பிடித்தார்.

"குளோரின் வருமெண்டு ஏன் மாஸ்டர் முதலே சொல்லேல்லை?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

பிறகு உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, என் மனைவியின் யோசனைப்படி அப்பச் சோடாவைப் போட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்துக்கு வந்தாலும், தட்டுகளிலிருந்து குமிழி குமிழியாகக் காஸ் கிளம்பியது. அதைக் குழாய் வழியாகச் சவர்க்காரத் தண்ணீருக்குள் விட்டு, எழும்பிய நுரைக்குத் தடி நுனியில் நெருப்பை வைத்து நீட்டினார் அக்கா.

இருபத்திரண்டு வருடமாக நான் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்த வசனம், 'ஐதரசன் பொப் என்ற ஒலியுடன் எரியும்'. பரீட்சையில் அதற்குப் புள்ளியும் போட்டிருக்கிறேன். ஒருநாளும் காதால் கேட்டதில்லை. அது பொப் இல்லை, ஐயா. படீர்! ஒட்சிசனும் சேர்ந்து வந்தால் இப்படித்தான் என்று பிறகுதான் என் மூளைக்கு ஏறியது. அந்த நேரம் மூளை எங்கே? நான் மதிலோடு நிலத்தில் படுத்திருந்தேன். என் மனைவி மேசைக்குக் கீழே. எட்டிப் பார்த்தால் ஒழுங்கை முழுக்க ஒரு தலை தெரியவில்லை. அந்தோனி அண்ணையும் குப்புறக் கிடந்தார். யாரும் யாருக்கும் படு என்று சொல்லவில்லை. எங்கள் ஊர் உடம்புகளுக்கு அது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. "ஒண்டுமில்லை, எழும்புங்கோ. இனி முதலே சத்தம் போட்டுச் சொல்லிட்டுத்தான் செய்வன்" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அவர் வாயிலிருந்து மன்னிப்புப் போல ஒன்று வந்ததை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பொலிஸ் வந்தது. "என்ன அம்மா வெடிச்சது?"

"தண்ணி."

"தண்ணி வெடிக்குமா?"

அக்கா என்னைக் காட்டினார். "மாஸ்டரைக் கேளுங்கோ, அவர் படிச்சவர்." ஆபத்தென்றதும் நான் படித்தவனாகிவிட்டேன்! வியர்க்க வியர்க்க விளங்கப்படுத்தினேன். எல்லாவற்றையும் எழுதி முடித்த கொன்ஸ்டபிள் மெதுவாகக் கேட்டார், "இன்னொருக்காக் காட்ட ஏலுமா?"

கடைசியில் எஞ்சின் சோதனை. அந்தோனி அண்ணை தன்னிடம் மிஞ்சியிருந்த இரண்டு லீற்றர் மண்ணெண்ணெய்க் கானைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தார். போட் எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாவில் பூட்டினார்கள். ஒரு லீற்றரில் சும்மா ஓட்டுவது, மற்ற லீற்றரில் அக்காவின் காஸையும் சேர்த்து ஓட்டுவது. நேரம் பார்க்கிற உத்தியோகம் எனக்கு.

முதல் லீற்றர் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. இரண்டுக்கும் ஒரு நிமிடம்கூட வித்தியாசமில்லை. காஸுக்குக் கரண்ட் கொடுத்த பற்றரியோ செத்தேபோயிருந்தது. அக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சரிவரேல்லை. குடுத்தது கூட, வந்தது குறைய. மாஸ்டர் முதலே சொன்னவர்."

என் நெஞ்சு நிமிர்ந்தது. அரை நொடிதான்.

"ஆனா அவர் சொன்னது அவருக்கே இண்டைக்குத்தான் தெரியும்."

கூட்டத்தில் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர் நின்றார். கதை கேள்விப்பட்டு வந்த வியாபாரி. குரலைத் தாழ்த்தி, "அக்கா, தண்ணியிலை ஓடினதெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் போனிலை எடுக்கிறன். பெட்டி பெட்டியா விக்கலாம்" என்றார்.

"நீங்கள் எதிலை வந்தனீங்கள்?"

"காரிலை."

"கார் எதிலை வந்தது?"

"...பெற்றோலிலை."

"அப்ப அதிலையே திரும்பிப் போங்கோ."

அவர் போனார். ஆனால் சனத்துக்குக் கோபம் அக்காவில்தான். ஓடியது என்று சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று முணுமுணுத்தார்கள். நான் அரை மணித்தியாலம் கத்தியும் நம்பாத சனம், அக்கா ஒரு வரி சொன்னதும் நம்பிவிட்டது. நம்பிவிட்டுக் கோபித்தது! இதைத்தான் என்னால் இன்றுவரை சகிக்க முடியவில்லை. அந்தோனி அண்ணை மட்டும் வெறுங் கானைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் விடியப் பார்த்தால் கொட்டில் பூட்டிக் கிடக்கிறது. வாழ்க்கையில் எந்த வரிசையிலும் நிற்காத அக்கா, அந்தோனி அண்ணையின் கானோடு மண்ணெண்ணெய் வரிசையில். அன்றும் நின்றார், மறுநாளும் நின்றார். மனைவி தந்துவிட்ட சோற்றுப் பார்சலை இரண்டாம் நாள் மத்தியானம் நான்தான் கொண்டுபோனேன். முழு மனதோடு போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா கானின் மேல் உட்கார்ந்து, வெயிலில் கறுத்து, இடிபடுகிறவர்களை ஏசிக்கொண்டிருந்தார். குரல் அடைத்துப்போயிருந்தது.

"மாஸ்டர், இடத்தைக் கொஞ்சம் பிடியுங்கோ. முகம் கழுவிட்டு வாறன்."

கானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா போன கையோடு பின்னால் நின்ற தடித்த மனிதர் ஒருவர் மெல்ல முன்னுக்கு வரப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்தது என்று தெரியாது.

"தள்ளி நில்லும் ஐசே! இது எங்கட அக்கான்ரை இடம்!"

சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது.