சம்பந்திக்கு அவித்த உருளைக்கிழங்கு

வின்டர்தூர், சுவிஸ்,
திங்கட்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க பரமேஸ்வரி அக்காவுக்கு, தம்பி குலேந்திரன் எழுதுவது. கூர் நகரத்துக் குளிரிலும் நீங்களும் அத்தானும் சுகமாக இருக்க முருகன் துணை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முகத்தைத்தான் வெளியே காட்ட முடியவில்லை. போனில் சொல்ல வெட்கம், ஆகவே எழுதுகிறேன்.

நம் மகள் சிவானுஜா கட்டப்போகும் அயர்லாந்துப் பெடியன் டெக்லன், சனிக்கிழமை தன் தாயார் நோராவை முதல்தடவையாக நம் வீட்டு வாசலில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு ஓடிவிட்டான். என் மனுசி கஜலக்சுமி ஆட்டுக்கறி, நண்டுக்கறி எல்லாம் சமைத்திருந்தாள். நான்தான், வருகிறவருக்கு அவருடைய மண்ணின் சாப்பாட்டைக் கொடுப்பதே மரியாதை என்று, அந்தக் கால அயர்லாந்துக் கிராம வீடுகளில் என்ன சாப்பிட்டார்கள் என இன்டர்நெட்டில் இரண்டு கிழமை தேடி வாசித்து, கறிச்சட்டிகளைப் பல்கனியில் ஒளித்துவிட்டு, ஐந்து கிலோ உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து, நீரை வடித்து, கூடையோடு மேசை நடுவில் வைத்து, பக்கத்தில் உப்பும் ஆளுக்கொரு கிண்ணம் மோரும் வைத்தேன். தட்டுமில்லை, கரண்டியுமில்லை, அந்த வீடுகளில் கையால் உரித்து உப்பில் தொட்டுத்தான் சாப்பிடுவார்களாம். "டிரெடிஷனல் ஃபுட்" என்று பாடமாக்கி வைத்திருந்த ஆங்கிலத்தையும் சொல்லி முடித்தேன்.

சிவானுஜா எழும்பிக் குசினிக்குள் போனவள் திரும்பி வரவில்லை. நோரா முகம் சிவந்து, விரல் சுட்டு, ஒரு கிழங்கை உரிக்கவே கால்மணித்தியாலம் எடுத்தார். பிறகு மெல்ல ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை, தலையாட்டினேன். அதன்பின் தலை நிமிராமல் நான்கு கிழங்கு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

"அப்பா, அவ டப்ளினில பிறந்து வளர்ந்த ஆள்," என்றாள் மகள். "அவையின்ர முப்பாட்டன்மார் பட்ட வறுமையைக் கொண்டுவந்து மேசையில கொட்டியிருக்கிறியள்."

அக்கா, வேலையிடத்தில் ஒருவன் "நீங்கள் மூன்று நேரமும் சோறுதானே" என்று கேட்டதற்கு ஒரு கிழமை அவனோடு கதைக்காதவன் நான். அதையே வீடு தேடி வந்த ஒருவருக்குச் செய்துவிட்டேன். கஜலக்சுமியும் கதைப்பதில்லை, நேரத்துக்கு நேரம் நண்டுக்கறியை மட்டும் முன்னால் வைத்துவிட்டுப் போகிறாள். நிச்சயதார்த்தம் நடக்குமோ தெரியாது. லீவு எழுத வேண்டாம், சாறியும் எடுக்க வேண்டாம்.

அத்தானுக்கு இதை வாசித்துக் காட்டாதீர்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

தலைகுனிந்த தம்பி,
குலேந்திரன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் சிவானுஜா வெளியிலிருந்து எனக்குப் போன் எடுத்தாள். நோரா அதை எங்கள் யாழ்ப்பாணத்துச் சாப்பாடு என்று நினைத்தாராம். "தினமும் இதுதானோ சாப்பிடுறனீங்கள்?" என்று கேட்டதற்குத்தான் நான் தலையாட்டினேனாம். கையால் சாப்பிடத் தெரியாமல் எங்களை அவமதித்துவிட்டதாக அவர் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறார். அதற்குப் பரிகாரமாக ஞாயிறு டெக்லன் வீட்டில் எங்களுக்கு விருந்து. நோரா பத்துக் கிலோ கிழங்கும் மோரும் வாங்கிவிட்டாராம். "உண்மையைச் சொல்லட்டோ அப்பா?" என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். சாறியை எடுங்கள். ஞாயிறு அத்தானையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், சாப்பிட ஆள் போதாது.